திருநாளின் பொருளைப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது?

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் சபைகளின் ஞாயிறு பள்ளிகளில் பாடம் நின்று ஒத்திகை தொடங்கிவிடும். மேய்ப்பர்களுக்குத் தலையில் துண்டு, தேவதூதர்களுக்கு அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய இறக்கை, ஞானிகளுக்குத் தங்க நிறக் காகிதம் சுற்றிய பெட்டி. நிகழ்ச்சி நல்லபடியாக நடக்கும், பெற்றோர் செல்போனில் படம் எடுப்பார்கள், பிள்ளைகள் பரிசும் கேக்கும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஜனவரியில் அதே பிள்ளையிடம் கிறிஸ்துமஸ் என்றால் என்ன என்று கேட்டால் "இயேசப்பா பிறந்த நாள்" என்று சொல்லும். சொல்வது சரிதான். ஆனால் கடவுள் ஏன் குழந்தையாகப் பிறக்க வேண்டும், அந்தப் பிறப்புக்கும் மூன்று நான்கு மாதம் கழித்து, இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளிக்கும் என்ன தொடர்பு என்று அடுத்துக் கேட்டால் அங்கே நின்றுவிடும்.

இதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், ஆறு நாளும் வேலைக்குப் போய்விட்டு ஏழாம் நாள் காலையில் பிள்ளைகள் நடுவில் வந்து நிற்கிற பெண்கள். சம்பளம் கிடையாது, பயிற்சியும் பெரும்பாலும் கிடையாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. திருநாளின் பொருளை ஒரு விடையாகத் தயாரித்து, பிள்ளை கேட்பதற்கு முன்பே அதன் கையில் கொடுத்துவிடுகிறோம். திருநாள்கள் உண்டான விதம் இதற்கு நேர் எதிரானது. பிள்ளையைக் கேட்க வைப்பதும் அவற்றின் நோக்கங்களில் ஒன்று.

வேதாகமத்திலேயே இது வெளிப்படையாக இருக்கிறது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகையை எப்படி ஆசரிக்க வேண்டும் என்று விவரமாக வருகிறது. ஆட்டுக்குட்டி, நிலைக்கால்களில் பூசும் இரத்தம், புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை, இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் தடி. இவ்வளவையும் சொன்ன பிறகு, 26ஆம் வசனத்தில், உங்கள் பிள்ளைகள் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கும்போது இன்ன பதில் சொல்லுங்கள் என்று இருக்கிறது. யோசுவா 4ஆம் அதிகாரத்தில் யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டுவதும் இதற்காகத்தான்: பின்னாளில் பிள்ளைகள் இந்தக் கற்கள் ஏது என்று கேட்பார்கள். யூதர் வீடுகளில் இன்றைக்கும் பஸ்கா இரவில் வீட்டிலேயே சின்னப் பிள்ளை, மற்ற இரவுகளைவிட இந்த இரவு ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்கிறது. அதற்குப் பதிலாகத்தான் பெரியவர்கள் விடுதலையின் கதையைச் சொல்கிறார்கள். முதலில் வழக்கத்துக்கு மாறான ஒரு செயல், அதைப் பார்த்துப் பிள்ளைக்கு வரும் கேள்வி, அப்புறம் கதை.

ஆதித் திருச்சபையும் இந்த வரிசையை விடவில்லை. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண் தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். குருத்தோலை ஞாயிறு மாலையில் மக்கள் ஒலிவ மலையிலிருந்து நகரத்துக்குள் பவனியாக இறங்கி வந்ததை அவர் விவரிக்கிறார். நடக்க முடியாத குழந்தைகளைக்கூடப் பெற்றோர் சுமந்து வந்தார்களாம்; பிள்ளைகள் எல்லோர் கையிலும் குருத்தோலையோ ஒலிவக் கிளையோ இருந்ததாம். அதே எருசலேமில், ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெறக் காத்திருந்தவர்களுக்கு லெந்து எனப்படும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால நாள்களில் ஆயர் மணிக்கணக்காக வேதம் போதித்தார். ஆனால் ஞானஸ்நானம், நற்கருணை இவற்றின் உட்பொருளை மட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர்கள் தண்ணீரில் இறங்கி எழுந்து, அப்பத்தைக் கையில் வாங்கி உண்ட பிறகு, ஈஸ்டர் வாரத்தில்தான் விளக்கினார். எருசலேம் ஆயர் சிரிலின் பெயரில் வழங்கும் உரைகளில் இதற்கான காரணமும் இருக்கிறது: கேட்பதைவிடக் காண்பது மனத்தில் நிற்கும் என்பதால் இந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன் என்கிறார். அவர் முன் உட்கார்ந்திருந்தவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

திருச்சபை ஆண்டு, அதாவது ஆண்டு முழுவதும் வரும் திருநாள்களின் சுற்று, வளர்ந்த வரிசையையும் ஆசிரியர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஈஸ்டர்தான் மூத்தது. 325இல் ஆயர்களின் பேரவையான நிசேயா சங்கம் கூடியபோதே அதை எல்லாச் சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்ற பிரச்சினை முன்னுக்கு வந்துவிட்டது. டிசம்பர் 25இல் கிறிஸ்துவின் பிறப்பு நினைக்கப்பட்டதற்குக் கிடைக்கும் பழைய சான்று ரோமைச் சேர்ந்தது, 336ஆம் ஆண்டைக் குறிப்பது. கல்லறை காலியாக இருந்ததைக் கொண்டாடிய மக்கள்தான் பிறகு தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இயேசு பிறந்த தேதி சுவிசேஷங்களில் இல்லை என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் சொல்லலாம். பதினாறு வயதில் யூடியூபில் அதைக் கேள்விப்பட்டு, சபை நம்மிடம் மறைத்துவிட்டதே என்று நினைப்பதைவிட, நம் வகுப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

சரி, காத்திருக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி ஜெர்மனியில் இருக்கிறது. யோஹான் ஹின்ரிச் விகெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர் 1833இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். டிசம்பர் நெருங்கினால் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்பார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாள்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் அதில் பொருத்தினார். தினமும் ஜெப வேளையில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக எரியும். இன்னும் எத்தனை நாள் என்பதைப் பிள்ளைகளே எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். இன்று நம் ஆலயங்களில் வைக்கிற நான்கு மெழுகுவர்த்தி வளையம் அந்தச் சக்கரத்தின் சுருக்கம்தான்.

சுருங்கியபோது பிள்ளைகள்தான் விடுபட்டுப் போனார்கள் என்பது என் எண்ணம். இப்போது அந்த வளையம் பீடத்தின் பக்கத்தில் இருக்கிறது. சபையின் மூப்பரோ விருந்தினரோ வந்து ஏற்றுகிறார். பிள்ளைகள் பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். விகெர்னின் சக்கரம் பிள்ளைகளுக்காகவே செய்தது. அதை வகுப்பறைக்கும் வீட்டுக்கும் திருப்பிக் கொண்டுவருவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி அகல் விளக்குகளை வைத்தாலே போதும். முதல் ஞாயிறு ஒரு விளக்கு மட்டும் எரியும்போது, மற்ற மூன்றையும் ஏன் ஏற்றவில்லை என்று ஏதாவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். தீர்க்கதரிசிகளும் யோவான்ஸ்நானனும் மரியாளும் அங்கேதான் பாடத்துக்குள் வர வேண்டும்.

கிறிஸ்துமஸ் குடிலும் இப்படிப் பிறந்ததுதான். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் ஒரு முன்னணையில் வைக்கோல் போட்டு, பக்கத்தில் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அங்கேயே திருப்பலி நடக்கச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மக்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்பது அவர் விருப்பம்.

அப்படியிருக்க, நம் ஞாயிறு பள்ளிக்குத் தேர்வு, மதிப்பெண், வருகைப் பதிவு என்ற வடிவம் எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பிலிருந்தே வந்தது. 1780 வாக்கில் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகை அதிபர் ஞாயிறு பள்ளி நடத்தத் தொடங்கியபோது, அங்கே வந்தவர்கள் வார நாள்கள் முழுவதும் வேலை செய்த ஏழைப் பிள்ளைகள். அவர்களுக்கு எழுத்துக் கற்க அந்த ஒரு நாள்தான் இருந்தது. வேதாகமம் அங்கே வாசிப்புப் புத்தகமாகவும் இருந்தது. ஆகவே அது முதலில் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளைகளுக்கு அது செய்த நன்மை சாதாரணமானதல்ல. இன்று நம் பிள்ளைகள் ஆறு நாளும் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்க் களைத்து வருகிறார்கள். அவர்களை ஏழாம் நாளும் இன்னொரு பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கிறோம் என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்.

தமிழ் மண்ணில் இந்தப் போதனைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார், மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தையும் தமிழில் கொண்டுவந்தார். லுத்தர் 1529இல் எழுதிய அந்தச் சிறு நூலில் ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு "இதன் பொருள் என்ன?" என்ற கேள்வி வரும். வீட்டுத் தலைவர் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதற்கென்றே அதை எழுதினார். கத்தோலிக்கரிடமும் சின்னக் குறிப்பிடம் என்ற பெயரில் வினா விடைப் புத்தகம் வழங்கி வந்தது. வயதானவர்கள் இன்றும் அதைத் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். மனப்பாடத்தை நான் தாழ்வாகச் சொல்ல மாட்டேன். சாகும் தறுவாயில் பேச்சுத் தடுமாறும்போதும் சின்ன வயதில் நெட்டுருப் போட்ட சங்கீதம் நாவில் வரும். ஆனால் அச்சிட்ட கேள்வி பெரியவர்களின் கேள்வி. பிள்ளையின் சொந்தக் கேள்விக்கும் வகுப்பில் ஓர் இடம் வேண்டும்.

அப்புறம் பாட்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலம் தொட்டே தமிழ்க் கிறிஸ்தவர்கள் இறையியலில் பெரும்பகுதியைக் கீர்த்தனையாகத்தான் உள்வாங்கியிருக்கிறார்கள். இன்றைய பிள்ளைகள் அந்த வரிகளை ராகத்தோடு அழகாகப் பாடுகிறார்கள், ஆனால் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்தின் ஒரு ஞாயிறு முழுவதும் ஒரே ஒரு பழைய கீர்த்தனையை எடுத்து, வரி வரியாகப் பாடிப் பேசினால் அதைவிட நல்ல பாடம் அமையாது.

இனி ஒவ்வொரு திருநாளாகப் பார்ப்போம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மத்தேயுவும் லூக்காவும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். முன்னணையும் மேய்ப்பர்களும் லூக்கா 2இல் இருக்கிறார்கள். நட்சத்திரமும் ஞானிகளும் ஏரோதும் மத்தேயு 2இல் இருக்கிறார்கள். ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள்தான் மூன்று. அவர்கள் வந்தது தொழுவத்துக்கும் அல்ல, ஒரு வீட்டுக்கு. மாடும் கழுதையும் இரண்டு சுவிசேஷங்களிலுமே குடிலில் இல்லை. மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும் என்ற ஏசாயா 1:3இலிருந்து அவை வந்து சேர்ந்தன. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு அதிகாரங்களையும் கொடுத்து, நாடகத்தில் வந்தது எதெது எங்கே இருக்கிறது, எதெது எங்குமே இல்லை என்று தேடச் சொல்லுங்கள். வேதத்தை உண்மையாக வாசிக்கும் பழக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் தொடங்கிவிடும். சில பெற்றோர் இதனால் விசுவாசம் குறையும் என்று பயப்படுகிறார்கள். இரண்டு சாட்சிகள் தங்கள் தங்கள் கோணத்திலிருந்து பேசுகிறார்கள் என்று புரிந்துகொண்ட பிள்ளையின் விசுவாசம் எளிதில் ஆட்டம் காணாது என்றுதான் நான் நம்புகிறேன்.

நாடகம் எப்போதும் ஞானிகள் மண்டியிடும் காட்சியோடு முடிந்துவிடுகிறது. மத்தேயுவோ அங்கே நிற்பதில்லை. ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்கிறான்; யோசேப்பு இரவோடிரவாகத் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போகிறான். அந்தக் குழந்தைகளை நினைத்து டிசம்பர் 28இல் மாசில்லாக் குழந்தைகள் திருநாளை மேற்கத்திய திருச்சபை கடைப்பிடிக்கிறது. இதை ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் இயேசு அகதியாக வளர்ந்த குழந்தை என்பதைப் பத்து வயதில் தெரிந்துகொள்ளலாம். இராமேசுவரம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும், இலங்கையில் போரினால் ஊர்விட்டு ஊர் போன குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், மத்தேயுவின் அந்த வசனங்களைத் தனியே விளக்க வேண்டியதே இல்லை.

கிறிஸ்துமஸ் தாத்தாவை எதிர்த்துப் போராடுவதில் சக்தியைச் செலவழிக்க வேண்டாம் என்பேன். கேரல் பவனியில் அவர் வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகட்டும். நான்காம் நூற்றாண்டில் மீரா நகரத்தில் நிக்கொலாஸ் என்று ஓர் ஆயர் இருந்தார், அவருடைய நாள் டிசம்பர் 6, ஏழைகளுக்கு இரகசியமாக உதவினார் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு என்று அந்த நாளிலேயே சொல்லிவிட்டால் போதும்.

உண்மையான கஷ்டம் ஈஸ்டருக்கு முந்தைய பாடுகளின் வாரத்தில்தான் இருக்கிறது. குருத்தோலை ஞாயிறு பிள்ளைகளுக்குப் பிடித்தமான நாள். தெற்கே தென்னங்குருத்திலும் பனங்குருத்திலும் சிலுவை முடையப் பாட்டிமார் சொல்லிக் கொடுப்பார்கள். ஓசன்னா பாடிக்கொண்டு தெருவைச் சுற்றி வருவார்கள். அந்தக் குருத்தோலையைக் கத்தோலிக்க வீடுகளில் சுவாமிப் படத்தின் பின்னால் செருகி வைத்து, அடுத்த ஆண்டு கோவிலில் திருப்பிக் கொடுப்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் லெந்து தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் பூசப்படும். இதைவிடச் சிறந்த பாடத்தை யாரும் எழுத முடியாது என்று நினைக்கிறேன். அந்த ஓலையை எரிக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். போன வருஷம் நாம் பிடித்துக்கொண்டு பாடியதை ஏன் எரிக்கிறோம் என்று அவர்கள் கேட்பார்கள். ஓசன்னா பாடிய ஊரிலேயே ஐந்து நாளில் "சிலுவையில் அறையும்" என்ற கூச்சல் எழுந்தது, நம்முடைய வாயும் அப்படித்தான் மாறுகிறது என்பதை அப்போது சொன்னால் அந்தப் பிள்ளை மறக்காது. சாம்பல் பூசும் வழக்கம் இல்லாத சபைகளில்கூட உலர்ந்த ஓலையை வைத்துக்கொண்டு லெந்தின் முதல் பாடத்தைத் தொடங்கலாம்.

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துக் குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவும்போது, பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இடத்தில் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கேள்வி தானே வரும். வீட்டில் அப்பாவே பிள்ளைகளின் காலைக் கழுவினால் இன்னும் நல்லது.

பெரிய வெள்ளி அன்று பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை. வெயில், உபவாசம், நீண்ட பிரசங்கம். சின்னப் பிள்ளைகளால் அதில் முழுவதும் உட்கார முடியாது, உட்கார வைக்கவும் வேண்டாம். அன்று அவர்களுக்கு எதைச் சொல்வது என்பதில் இரண்டு விதமாகத் தவறுகிறோம். ஒரு பக்கம், ஆணியையும் இரத்தத்தையும் விவரித்து, "உன் பாவத்தால்தான் இயேசுவுக்கு இப்படி நடந்தது" என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு இரவில் தூக்கம் வராது. பாவமன்னிப்பு என்ற பெரிய உண்மையும் பயத்தோடேயே ஒட்டிக்கொண்டுவிடும். இன்னொரு பக்கம், பயப்படுமே என்று வெள்ளிக்கிழமையை விழுங்கிவிட்டு நேரே ஞாயிறுக்குத் தாவுகிறோம். சாகாதவர் உயிர்த்தெழுந்தார் என்றால் அதில் என்ன நற்செய்தி? சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது: அவருடைய நண்பர்கள் ஓடிவிட்டார்கள், அவர் மிகவும் வேதனைப்பட்டார், தம்மை அடித்தவர்களையும் மன்னிக்கும்படி ஜெபித்தார், இறந்தார், அம்மா பக்கத்திலேயே நின்றாள். இவ்வளவும் சுவிசேஷத்தில் இருப்பதுதான். சனிக்கிழமை ஒன்றும் சொல்லாதீர்கள். பீடத்தில் துணியும் பூவும் இல்லாமல் இருப்பதை மட்டும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பாடுகளின் நாடகம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழகத்துப் பங்குகளில் பாஸ்கா நாடகம் பல தலைமுறையாக நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் நீ. மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சிகளைப் பெரிய அளவில் மேடையேற்றியது. பிள்ளைகள் இவற்றிலிருந்து நிறையப் பெறுகிறார்கள். ஆனால் நம் சபை நாடகங்களில் யூதர்கள் ஒட்டுமொத்தமாக வில்லன்களாகவே வருகிறார்கள். இயேசுவும் மரியாளும் பேதுருவும் யூதர்களே என்பது மறந்துபோகிறது. அன்று வாழ்ந்த எல்லா யூதர் மேலும், இன்று வாழ்கிறவர்கள் மேலும் இந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. நாடகம் எழுதுகிறவர்கள் கூட்டத்தின் வசனங்களை எழுதும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். ஒரு மக்கள் கூட்டத்தை வெறுக்கப் பிள்ளை ஆலயத்தில் கற்றுக்கொண்டால் அந்தப் பாவம் நம்முடையது.

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை இருட்டில் தொடங்கும். பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், பரவாயில்லை. நான்கு சுவிசேஷங்களிலும் கல்லறைக்கு முதலில் போகிறவர்கள் பெண்கள் என்பதை வகுப்பில் பெண் பிள்ளைகளே வாசித்துச் சொல்லட்டும்.

இதற்கு அடுத்து வரும், சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியதை நினைக்கும் பெந்தெகொஸ்தேயை ஏறக்குறைய மறந்தே போய்விட்டோம். ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள். மே 10க்கும் ஜூன் 13க்கும் நடுவில் வரும். நம் ஊரில் அது பெரும்பாலும் கோடை விடுமுறை அல்லது பள்ளி திறக்கிற பரபரப்பு. அதே மே மாதத்தில்தான் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது: பத்து நாள், வண்ண வண்ணப் புத்தகம், ஆக்ஷன் பாட்டு, கைவேலை. பிள்ளைகள் வருஷத்தில் மிக உற்சாகமாக ஆலயத்துக்கு வருகிற நாள்கள் அவை. ஆனால் அதன் பாடத்திட்டம் திருச்சபை ஆண்டோடு தொடர்பில்லாமல் தனியாக ஓடுகிறது. கடைசி இரண்டு நாளையாவது அப்போஸ்தலர் 2க்குக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் தெலுங்கோ மலையாளமோ இந்தியோ கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் மொழியில் கேட்டார்கள் என்ற வசனம் சட்டென்று புரிந்துவிடும்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வேறு மாதிரி. இங்கிலாந்தில் 1843இல் கார்ன்வாலின் மோர்வென்ஸ்டோ ஆலயத்தில் ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் நடத்திய நன்றி ஆராதனையிலிருந்து இதன் இன்றைய வடிவம் பரவியது. இருந்தாலும் தமிழ்க் கிராமத்தில் இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. முதல் வாழைத்தாரும் பூசணியும் சேவலும் ஆலயத்துக்கு வரும், ஏலம் நடக்கும், எல்லோருக்கும் தெரியும் எதற்கென்று. நகரத்துப் பிள்ளை கடையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் பொருள் மங்கிவிடுகிறது. அங்கே லேவியராகமம் 23:22 உதவும்: வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும். உன் வயலின் ஓரம் எது என்று பிள்ளையிடமே கேட்கலாம். கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் ஆலய முற்றத்திலேயே பொங்கல் வைப்பதால் இந்த நன்றியுணர்வு ஊரோடு சேர்ந்து வருகிறது. அது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

பக்கத்து வீட்டுத் திருநாள்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். தீபாவளிக்கு வரும் பலகாரத்தைச் சாப்பிடலாமா என்ற கேள்வி எல்லா ஞாயிறு பள்ளிகளிலும் எழும். சபைகளிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10ஆம் அதிகாரங்களை வைத்தே இரண்டு தரப்பும் பேசும். பலகாரம் கொண்டுவரும் அக்கா அன்போடு கொண்டுவருகிறாள், அந்த அன்பை அவமதிக்கக் கூடாது என்பது என் நிலை. தன் திருநாளின் பொருளை நன்றாக அறிந்த பிள்ளைக்கு மற்றவர் திருநாளை இழிவாகப் பேச வேண்டிய அவசியமே வராது. நம் வீட்டு கேக்கை எடுத்துக்கொண்டு போகும் பிள்ளையிடம் அந்த அக்கா, "உங்க கிறிஸ்துமஸ் எதுக்குக் கொண்டாடுறீங்க?" என்று கேட்பாள். அங்கேயும் கேள்விதான் முதலில் வருகிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ரோமில் 1954இல் சோஃபியா கவல்லெட்டியும் ஜானா கோப்பியும் மாண்டிசோரி முறையைப் பின்பற்றித் தொடங்கிய மறைக்கல்வி வகுப்புகளில், பிள்ளைகள் தொட்டு நகர்த்தக்கூடிய சிறு பொருள்களை வைத்தே பாடம் நடக்கிறது. சொல்லி முடித்ததும் ஆசிரியர் தேர்வு வைப்பதில்லை, பிள்ளைகளோடு சேர்ந்து யோசிக்கிறார். அந்த வழியில் நாமும் திருச்சபை ஆண்டின் காலங்களைக் குறிக்கும் ஊதா, வெள்ளை, பச்சை, சிவப்புத் துணித் துண்டுகளை ஐம்பத்திரண்டு ஞாயிறுகளுக்கு வட்டமாகத் தரையில் அடுக்கலாம். பெரிய பச்சை வளைவில் ஊதா இரண்டு இடத்தில் வரும், சிவப்பு மிகக் கொஞ்சமாக வரும். ஏன் என்று பிள்ளைகள் கேட்கட்டும். தையற்கடையில் மிஞ்சிய துணியே இதற்குப் போதும்.

ஒத்திகையை நிறுத்தச் சொல்லவில்லை. அதைச் சனிக்கிழமை மாலைக்கோ நவம்பருக்கோ தள்ளி, திருவருகையின் நான்கு ஞாயிறுகளைப் பாடத்துக்கே விட்டுவிட வேண்டும். முதல் ஞாயிறு ஏசாயா, இரண்டாம் ஞாயிறு யோவான்ஸ்நானன், மூன்றாம் ஞாயிறு மரியாளின் பாட்டு, நான்காம் ஞாயிறு யோசேப்பின் கனவு. ஒவ்வொரு வாரமும் ஒரு விளக்கு, அரை மணி நேரக் கதை, மீதி நேரம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு. பதில் தெரியாத கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஆயரிடமோ பங்குத் தந்தையிடமோ கேட்டு, அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லியே பதில் சொல்லுங்கள். திருவருகையின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் என்பதால், ஆசிரியர்கள் கூடிப் பேச அக்டோபர் கடைசியே சரியான நேரம்.